சாஃப்ட்னர் போட்ட செடித்தொட்டிகள்

சித்ரகலாவின் கையில் ஒரு பனியனைக் கொடுத்தால், பார்ப்பதற்கு முன் தடவுவாள். தோளில் தொடங்கி, பக்கத் தையல் வழியாக இறங்கி, அடிமடிப்பைச் சுற்றி வந்து உள்புறம் திருப்புவதற்குள் தீர்ப்பு முடிந்திருக்கும். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்று நின்றே அவளுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. எண்ணெய்க் கறையையும் கோணல் தையலையும் யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். மழுங்கிய ஊசி துணியில் போட்டுவிடும் பொடி ஓட்டைதான் கஷ்டம். இன்றைக்குக் கண்ணுக்கே தெரியாது. வாங்கியவர் இரண்டு முறை துவைத்தால் பட்டாணி அளவுக்கு விரிந்துவிடும். அந்த ஓட்டையைப் பிடிப்பதில் சித்ரகலாவுக்கு அந்த யூனிட்டில் நிகர் கிடையாது. தையல் குற்றம் என்றால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி "ஆல்டர்" என்பாள். ஓட்டை என்றால் "ரிஜெக்ட்". அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அவள் திருப்பி அனுப்பிய துணிகளில் பெரும்பங்கு ஓவர்லாக் மெஷினில் இருந்த கீதாஞ்சலியுடையது. கீதாஞ்சலி ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். வந்த புதிதில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவள் தமிழ் கற்றுக்கொண்டதே சித்ரகலாவிடம் சண்டை போடத்தான் என்று தையல் லைனில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"எல்லார் பீஸும் பாஸ். என் பீஸ் மட்டும் ஆல்டர். ஏன்க்கா, என் மூஞ்சி பிடிக்கலையா?"

"உன்ற மூஞ்சிக்கு என்ன கண்ணு, அது ஷிப்மெண்டுக்குப் போறதில்ல. தையல் வளைஞ்சு கெடக்குது. பிரிச்சுத் தையி."

"ஊசி மழுங்கிடுச்சுக்கா."

"அப்ப ஊசிய மாத்தச் சொல்லு. இல்லாட்டி ஓட்டை போடறதுக்குன்னு தனியா ஒரு டிபார்ட்மெண்ட் வெச்சு உன்னைய அங்க உக்கார வெச்சிரலாம்."

கீதாஞ்சலி ஒரியாவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போவாள். அது வாழ்த்து இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரியும்.

கம்பெனியை விட்டால் சித்ரகலாவுக்கு மொட்டைமாடி. கணியூரில் அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே இருந்தவரை களை எடுக்கக் கூப்பிட்டால் தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டவள் அவள். செடி மேல் ஆசை வந்தது கம்பெனியில், அதுவும் ஓர் ஆடிட்டின் புண்ணியத்தில். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் பார்வையிட வருகிறார், கட்டடம் பசுமையாகத் தெரிய வேண்டும் என்று மாடியில் வரிசையாகத் துணித்தொட்டிகள் இறக்கினார்கள். கட்டிங் மேசையில் மிஞ்சுகிற துண்டுத் துணிகளை அரைத்துப் பஞ்சாக்கி, கம்பளம்போல் கெட்டியாக அழுத்தி, பை வடிவில் தைத்து, இரு பக்கமும் பிடி வைத்த தொட்டிகள். சாம்பல் நிறம்தான், உற்றுப் பார்த்தால் நடுநடுவே சிவப்பும் நீலமுமாக யாருடைய சட்டையாகவோ ஆகியிருக்க வேண்டிய பஞ்சு தெரியும். பையர் வந்தார், படம் எடுத்தார், போனார். அதன் பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. செடிகள் காய்ந்தன. தொட்டிகளை வேஸ்ட் குடோனுக்கு ஏற்றும்போது சித்ரகலா போய் மேனேஜர் முன்னால் நின்றாள்.

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா துணி பாருங்க, ஒரு வருஷத்துல நைஞ்சு போயிரும்," என்றார் அவர்.

அந்த ஒரு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. காரணம், அவள் அவற்றைக் கழுவுகிற விதம்.

அவளுடைய கழுவல் வெயிலில் தொடங்கும். காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்கி, மண்ணைத் தனியே கொட்டி, தொட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கொடியில் போட்டுவிடுவாள். ஈரத்தோடு தேய்த்தால் மண் பஞ்சுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். காய்ந்தால் தட்டினாலே உதிரும். நன்றாகக் காய்ந்ததும் சப்பாத்திக் கட்டையால் நாலு அடி. துணியில் ஊடுருவிக் கிடக்கும் வேர் நூல்களைத் தேங்காய் நாரால் தேய்த்து உருவி எடுப்பாள். போர்வெல் தண்ணீரின் உப்பு தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்கு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறல். பிறகு சோப்பு, அலசல், மறுபடி வெயில். கடைசியில் தையலை ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் புது மண்.

வீட்டுக்காரம்மா ஜானகியம்மாள் கீழ்வீட்டில் இருந்தார். அவர் குடும்பம் தறி ஓட்டிய குடும்பம். மகன்கள் இப்போது பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார்கள். மாடியைச் செடிக்கு விட்டதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஒரே ஒரு மனக்குறை.

"செடி எல்லாம் ஜோரா இருக்குது கண்ணு. ஆனா தொட்டிக்கு அடியில பாரு, டீ சிந்துன மாதிரி வட்டம் வட்டமா கறை. என்ற மவன் பெயிண்ட் அடிச்ச தரை."

"தொடச்சு விட்டர்றனுங்கம்மா," என்பாள் சித்ரகலா. துடைப்பாள். மறுநாள் கறை வந்துவிடும். துணித்தொட்டி என்றால் கசியத்தான் செய்யும்.

போன தீபாவளி கழிந்த கையோடு சித்ரகலாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இழுத்தடித்து இழுத்தடித்து, உடம்பில் ரத்தமே இல்லாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அவளுடையது ஓ நெகட்டிவ். இருப்பு இல்லை. கணவன் கன்னையன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டான். கம்பெனி வாட்ஸப் குழுவில் செய்தி போனது. பாசிட்டிவ்காரர்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள்; யாரும் பயன்படவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து, ஹாஸ்டல் வார்டனிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கிக்கொண்டு, தனியாக இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கியது கீதாஞ்சலி. அவளும் ஓ நெகட்டிவ்.

கண் விழித்த சித்ரகலாவிடம் கன்னையன் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அன்று காலையில்கூட, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், அந்தப் பெண்ணின் ஒரு கட்டுத் துணியை மொத்தமாகத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மறுநாள் கட்டில் பக்கம் வந்து நின்ற கீதாஞ்சலி சொன்னாள்: "இனிமே உங்க உடம்புலயும் என் ரத்தம் ஓடுது. இனி ஆல்டர் போட்டா உங்க கையே வலிக்கும், பாருங்க."

சிரிக்கக் கூடாது, தையல் பிரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்ரகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். "உனக்கு நான் என்ன கண்ணு செய்யறது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். பங்குனியில ஊருக்குப் போறேன். கல்யாணம். திரும்ப வரமாட்டேன். அதுக்குள்ள நல்லா ஆயிடுங்க, போதும்."

சித்ரகலாவுக்கு அது போதவில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கீதாஞ்சலி லைனில் புலம்புவது அவள் நினைவில் இருந்தது. "கத்தரிக்காய சின்னதா வெட்டி சாம்பார்ல போட்டா அது கத்தரிக்காயா அக்கா? எங்க ஊர்ல இவ்ளோ பெருசு, பச்சையா, உருண்டையா. நெருப்புல சுட்டு, தோல் உரிச்சு..." அந்த வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் அவள் எச்சில் விழுங்குவாள். அந்தக் காய் திருப்பூர் சந்தையில் கிடைக்காது.

"உங்கம்மாகிட்டச் சொல்லி அந்தக் கத்தரி வெதை வாங்கித் தா. நீ போறதுக்குள்ள என்ற ஊட்ல உனக்கு விருந்து."

கன்னையனுக்கு இது விளங்கவில்லை. "அந்தப் புள்ள ஊருக்குத்தான போகுது. அங்க இல்லாத கத்தரிக்காயையா நீ போடப் போற?"

"அங்க அவங்கம்மா போடறாங்க. இங்க நான் போட வேண்டாமுங்களா?"



கீதாஞ்சலியின் ஊரிலிருந்து வந்த ஓர் உறவுக்காரர் மூலம் விதை வந்தது, ஒரு மாத்திரை டப்பாவுக்குள். நாற்று முளைத்தது. சிக்கல் தொட்டியில்தான் இருந்தது. அதற்கு முந்தைய பட்டத்தில் அந்தத் தொட்டிகளில் இருந்த தக்காளிச் செடிகள் வாடல் நோய் வந்து ஒரே வாரத்தில் நின்ற நிலையில் செத்திருந்தன. தக்காளிக்கு வந்த நோய் கத்தரியை விடாது. இந்த முறை வெயிலும் வினிகரும் மட்டும் போதாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். ஆனால் அவளோ குடம் தூக்கக் கூடாது, குனிந்து துவைக்கக் கூடாது என்ற கட்டளையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

கன்னையன் ஒரு கார்மென்ட் வாஷிங் யூனிட்டில் மெஷின் ஆபரேட்டர். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டிரம்கள். ஆவியில் காய்ந்த வெந்நீர். "இதுக்குப் போயி வெசனப்படறயே. எங்க முதலாளிகிட்டக் கேட்டுட்டு, மெஷின் சும்மா இருக்கறப்ப ஒரு லோடு போட்டுத் தர்றேன்," என்றான். தொட்டிகளை மூட்டையாகக் கட்டி மொபெட்டில் வைத்து எடுத்துப் போனான்.

திரும்பி வந்த மூட்டையைப் பிரித்தபோது வீடே மணத்தது. உப்புப் படிவம் இல்லை, வேர் நூல் இல்லை, பழைய மண்ணின் வாடை இல்லை. சித்ரகலா ஒரு தொட்டியை மடியில் வைத்துத் தடவினாள். முன்பு சாக்குப்போல் சொரசொரவென்று இருந்த துணி, பிறந்த குழந்தைக்குப் போடுகிற சட்டைபோல வழுவழுவென்று இருந்தது. தையலைச் சுற்றி விரலை ஓட்டினாள். எங்கும் ஒரு நூல் பிரியவில்லை.

"ஏனுங்க மாமா, புதுசு வாங்குனாக்கூட இப்பிடி இருக்காதுங்க."

"பின்ன? ஏற்றுமதித் தரம்," என்றான் கன்னையன், வராத மீசையை முறுக்கிக்கொண்டு.

பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிய கணவன் தனக்காகத் தொட்டி கழுவிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அன்று அவள் மூன்று பேருக்கு போன் செய்து சொன்னாள்.

மார்கழித் தொடக்கத்தில் நாற்றுகளை நட்டார்கள். மண் சுமந்ததும் நிரப்பியதும் கன்னையன். நட்டது மட்டும் சித்ரகலா, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. செடிகள் பிடித்துக்கொண்டன. பொங்கலுக்கு ஊரே காலியாகி, பஸ் நிலையம் பிதுங்கி, மறுபடி நிரம்பியது. அதற்குள் செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. கீதாஞ்சலி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இலைகளை எண்ணெய் தேய்ப்பதுபோலத் தடவிவிட்டுப் போவாள்.

தை பாதியில் ஒரு காலையில் நாலு செடிகள் தலை தொங்கி நின்றன.

வெயில் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் இன்னும் சில தொங்கின. இன்னும் ஊற்றினாள். கீழ் இலைகள் மஞ்சளாயின. ஒரு செடி முழுதாகச் செத்தது. சித்ரகலா ஒரே முடிவுக்கு வந்தாள்: வாடல் நோய் திரும்ப வந்துவிட்டது. தான் கையால் கழுவாத ஒரு முறைதான், அதில் வந்துவிட்டது. இதை வாய்விட்டுச் சொன்னால் கன்னையன் நொந்து போவான். சொல்லவில்லை. போனில் பார்த்த ஒரு வீடியோவில் சொன்னபடி, செத்த செடியின் தண்டை வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனையை மட்டும் நிறுத்தி வைத்தாள். வாடல் நோய் என்றால் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு நூல் இறங்கும் என்றார்கள். சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தாள். தண்ணீர் பளிங்குபோல இருந்தது.

அப்படியென்றால் நோய் இல்லை. பிறகு என்ன?

அவள் மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜானகியம்மாள் வடகம் காயப்போட மேலே வந்தார். தரையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்கண்ணு, ஒடம்புக்கு முடியாத நேரத்துலயும் தரையை எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கற! இந்தத் தடவ ஒரு கறை இல்ல, ஒரு சொட்டு ஈரமில்ல. நான் சொன்னத மனசுல வெச்சுக்கிட்டயே, நல்லா இருப்ப சாமி."

"நான் எங்கீங்கம்மா தொடச்சேன்..." என்று சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

துடைக்கவில்லை. தரையில் ஈரம் இல்லை. தினமும் சொம்பு சொம்பாக ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

பக்கத்துத் தொட்டி மண்ணில் விரலை விட்டாள். மேலே ஈரம், உள்ளே போகப்போகச் சேறு. விரலை முகர்ந்தாள். புளித்த மாவு வாடை. வேர்கள் தண்ணீருக்குள் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தன. அவளோ தாகம் என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியிருக்கிறாள்.

"மாமா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வடகத்தட்டு ஆடியது.

இரவு ஷிஃப்ட் முடிந்து கீழே தூங்கிக்கொண்டிருந்த கன்னையன் லுங்கியைப் பிடித்தபடி ஓடி வந்தான்.

"தொட்டியில தண்ணி எறங்க மாட்டேங்குது. வெளியவும் கசியல. என்னங்க போட்டீங்க அதுல?"

"என்னத்தப் போட்டேன்? வெந்நீ, சோப்பு, ரெண்டு அலசு..."

"அப்புறம்?"

"அப்புறம் வழக்கம்போல கடைசித் தண்ணில..." கன்னையன் குரல் தேய்ந்தது. நடாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு தொட்டியை எடுத்து, சொம்பில் விரலை நனைத்து, துணி மேல் ஒரு சொட்டு விட்டான். யூனிட்டில் துணி தண்ணீர் உறிஞ்சுகிறதா என்று பார்க்க அவர்கள் தினமும் செய்கிற வேலைதான் அது. சொட்டு உள்ளே இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலை மேல் உருளுவதுபோல் உருண்டு, தொட்டியின் விளிம்பில் தயங்கி, கீழே விழுந்தது.

"சாஃப்ட்னர் போட்டீங்களா?" துணியை வழுவழுப்பாக்குகிற அந்தத் திரவம் பஞ்சின் மேல் படலமாகப் படிந்து தண்ணீரைத் தள்ளிவிடும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சிலிக்கான் சாஃப்ட்னர். நல்லதாத்தான் போட்டேன்."

"செடித்தொட்டிக்கு எதுக்குங்க சாஃப்ட்னர்?"

"ஏம்புள்ள, பதினஞ்சு வருஷமா சாஃப்ட்னர் போடாம ஒரு லோடுகூட நான் வெளிய எடுத்ததில்ல. கையி தானாப் போட்டிருச்சு. நீயுந்தான தடவிப் பாத்து, கொழந்த சட்டை மாதிரி இருக்குதுன்ன?"

அது உண்மை. சித்ரகலா தன் விரல்களைப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் துணிகளைத் தடவித் தடவி, வழுவழுப்பு என்றால் நல்லது என்று பழகிப்போன விரல்கள். தொட்டியைத் தடவியபோதும் அந்த விரல்கள் அதைத்தான் சொல்லின. தொட்டிக்குச் சொரசொரப்பும் கசிவும்தான் உயிர் என்பதை அவள் மனம் அறியும், விரல்கள் அறியவில்லை. போட்டவன் அவன், பாஸ் செய்தவள் அவள். இந்தப் பனியன் ஊரை விட்டு வேறு எங்காவது வாழ்ந்திருந்தால் இந்தத் தப்பு இருவருக்கும் வந்திருக்காது.

"சரி, இப்ப என்ன பண்றது? செடியைப் பிடுங்கிட்டு மறுபடி கழுவலாமா?"

"இந்த நெலமையில பிடுங்குனா ஒண்ணுகூடத் தப்பாதுங்க. பூ எடுக்கற நேரம்."

ஜானகியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி எறங்கலைன்னா அடியில ஓட்டை போட்டு விடுங்களேன்," என்றார், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்கிற மாதிரி.

சொல்வது சுலபம். அன்று ஞாயிற்றுக்கிழமை. கன்னையன் ஒரு கோணி ஊசியும், நூல் வெட்டுகிற டிரிம்மரும் கொண்டு வந்து வைத்துவிட்டுத் தொட்டிகளைச் சாய்த்துப் பிடித்தான். சித்ரகலா ஊசியைத் துணியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவள் கட்டிக்காத்த துணி அது. வெயிலில் வாட்டி, நாரால் தேய்த்து, ஒரு தையல் விடாமல் இத்தனை காலம் காப்பாற்றிய துணி. நல்ல துணியில் ஓட்டை போட அவள் கை எழவே இல்லை.

"குத்து புள்ள. என்ற கை வலிக்குது."

"குத்தறனுங்க. இருங்க."

அப்போதுதான் கீதாஞ்சலி படியேறி வந்தாள், வழக்கமான ஞாயிறு வருகை. தொங்கிக் கிடந்த செடிகளைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. என்ன நடந்தது என்று கன்னையன் சொல்லக் கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சித்ரகலாவின் கையிலிருந்து ஊசியை வாங்கினாள்.

"குடுங்கக்கா. ஓட்டை போடற டிபார்ட்மெண்ட் என்னோடது. நீங்கதான் குடுத்தீங்க."

கன்னையன் சிரித்த சிரிப்பில் சாய்த்துப் பிடித்திருந்த தொட்டி கை நழுவப் பார்த்தது.

அவள் குத்தினாள். முதலில் ஊசி, பிறகு டிரிம்மர் முனையால் ஒரு திருகு. தொட்டியின் அடிவட்டத்தைச் சுற்றி விரற்கடை இடைவெளியில் ஒன்று, அடியில் நான்கு. தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு இடைவெளி பிசகவில்லை. முதல் தொட்டியிலிருந்து கருப்பாக ஒரு தண்ணீர் பீய்ச்சி வந்து அவள் சுடிதாரை நனைத்தது. அந்த நாற்றத்துக்கு ஜானகியம்மாள் வடகத்தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஒவ்வொரு தொட்டியாகத் தண்ணீர் வடிந்தது. வேலை முடிந்தபோது மாடி முழுக்க அழுக்கு வட்டங்கள். கீதாஞ்சலியின் முழங்கைவரை சேறு.

சித்ரகலா அவளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் கையின் உள்மடிப்பில்தான் அன்று ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். "உனக்குச் செய்யறேன்னு ஆரம்பிச்சு, அதுக்கும் உன்னையவே வேலை வாங்கிட்டேன்," என்றாள்.

"விருந்து வைக்கறீங்கன்னா சும்மாவா வைப்பீங்க?" என்றாள் கீதாஞ்சலி.

அதன் பிறகு சித்ரகலா தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றாமல் இருப்பதுதான் அந்த வாரங்களில் அவள் செய்த பெரிய வேலை. சொம்பைக் கையில் எடுப்பாள், மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பாள், சொம்பைக் கீழே வைப்பாள். பாதிக்கு மேல் செடிகள் போய்விட்டன. அந்தத் தொட்டிகளைக் காலி செய்து, கன்னையன் யூனிட்டில் ஒரு முறைக்கு இரண்டு முறை கொதிக்கிற சோடா உப்புத் தண்ணீரில் போட்டு சாஃப்ட்னரை உரித்தான். ஒவ்வொரு முறையும் மெஷின் முன்னாலிருந்தே போன் செய்து, "கடைசித் தண்ணி வெறுந்தண்ணிதான், சத்தியமா," என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தான். துணி பழைய சொரசொரப்புக்குத் திரும்பியது. சொட்டு விட்டால் குடித்தது.

மிஞ்சிய செடிகளில் சில புது இலை விட்டன. மாசியில் ஊதாப்பூக்கள். பல உதிர்ந்தன. ஒரே ஒரு செடியில் ஒரு பிஞ்சு நின்று பருத்தது. வேறு இரண்டில் எலுமிச்சை அளவுக்குப் பிஞ்சுகள் வந்து, அதற்கு மேல் வளர மறுத்தன. கீதாஞ்சலியின் ரயில் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்ரகலா மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, பச்சையாக, உருண்டையாக, இரண்டு கையாலும் ஏந்துகிற அளவில் ஒரு காய் தொங்கியது. ஒன்றே ஒன்று.

"விருந்துன்னு சொல்லிட்டு ஒத்தக் காயை வெச்சு எப்பிடிங்க?" என்று கலங்கினாள்.

"சந்தையில நாலு வாங்கிட்டு வர்றேன். சுட்டுப் பெசைஞ்சா யாருக்குத் தெரியும்?" என்றான் கன்னையன்.

ஒரு கணம் அவளுக்கும் அது சரியென்று பட்டது. பிறகு தலையை ஆட்டினாள். "வேண்டாமுங்க. அந்தப் புள்ளைக்கு நாம கலப்படம் பண்ணக் கூடாது. இருக்கறதை வெப்போம். கூட என்னென்ன வெக்க முடியுமோ அதெல்லாம் வெப்போம்."

வைத்தாள். ஒறம்பரை என்கிற விருந்தாளி வந்தால் கொங்குநாட்டு வீட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும்: பருப்பும் நெய்யும், அரிசிம்பருப்புச் சோறு தனியாக, அவரைப் பொரியல், அப்பளம், வடை, வெல்லக் கச்சாயம், பால் பாயாசம். அவளுக்கு உடம்பு இப்போது நன்றாகத் தேறியிருந்தது; அடுப்படியில் நின்று அத்தனையும் செய்ய முடிந்ததே அன்று அவளுக்குப் பெரிய சந்தோஷம். ஒவ்வொரு பாத்திரத்தை இறக்கும்போதும், இது அந்தப் பெண்ணால் என்று நினைத்துக்கொண்டாள்.

கீதாஞ்சலி நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் ஒரு சிறு பாட்டில் கடுகெண்ணெயோடு வந்தாள். காயைப் பறித்துக் கையில் கொடுத்தபோது அதை மூக்கருகே கொண்டுபோய் வைத்து ஆழமாக முகர்ந்தாள். பிறகு, சுடும் வேலையை யாருக்கும் விடவில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியில் மாடியிலேயே காயைப் புரட்டிப் புரட்டிச் சுட்டாள். தோல் கருகி வெடித்தது. உரித்து, பூண்டும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, பச்சைக் கடுகெண்ணெயை ஊற்றினாள். கன்னையன் கண்ணில் நீர் வழிய அடுக்கடுக்காகத் தும்மினான்.

"மாமா, இது கண்ணுக்கு நல்லது," என்றாள் கீதாஞ்சலி.

"கண்ணு எங்க இருக்குன்னே தெரியல சாமி," என்றான் அவன்.

இலை போட்டார்கள். ஜானகியம்மாளும் வந்து உட்கார்ந்தார். சித்ரகலா எல்லாவற்றையும் பரிமாறி, நடுவே அந்தக் கத்தரிக்காயை வைத்து, ஆவி பறக்கும் சோற்றைக் கொண்டுவந்தாள். கீதாஞ்சலி சோற்றைப் பார்த்தாள், கத்தரிக்காயைப் பார்த்தாள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பழைய சோறு இருக்கா?"

சித்ரகலா கரண்டியோடு நின்றுவிட்டாள். "விருந்தாளிக்குப் பழைய சோறா? கண்ணு, நெய்யிச் சோறு வெச்சிருக்கேன்..."

"இதுக்கு அதுதான்க்கா. தண்ணி ஊத்துன சோறு. எங்க ஊட்ல வெயில் காலத்துல தினமும் அது. அம்மா மண்சட்டியில வெப்பாங்க."

சித்ரகலா வீட்டில் பழைய சோறு இல்லை. விருந்து நாளில் மிச்சம் வைப்பது மரியாதை இல்லையென்று முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜானகியம்மாள் இடுப்பில் கையூன்றி எழுந்தார்.

"என்ற ஊட்ல இருக்குது. சக்கரைக்காரி, பழைய சோறு திங்கக் கூடாதுன்னு மருமக ஒளிச்சு வெக்கறா. நான் அதுக்கு மேல ஒளிச்சு வெப்பேன்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய், ஒரு குண்டான் நிறைய, தயிர் மணக்கிற தண்ணீரோடு கொண்டுவந்தார்.

இலையிலிருந்த வடையும் பாயாசமும் ஓரமாக நகர்ந்தன. கீதாஞ்சலி ஒரு கிண்ணத்தில் பழைய சோற்றைப் போட்டுக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு வாய் சோறு, ஒரு விரல் கத்தரிக்காய் என்று சாப்பிடத் தொடங்கினாள். லைனில் ஓயாமல் சண்டை போடுகிற பெண் இவ்வளவு அமைதியாகச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஜானகியம்மாளும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு, தொட்டுப் பார்த்துவிட்டு, "காரம் தூக்குது, நல்லாத்தான் இருக்குது," என்றார்.

"எப்பிடி இருக்குது?" என்றாள் சித்ரகலா.

கீதாஞ்சலி மென்று விழுங்கினாள். "அம்மா இன்னும் கொஞ்சம் கருக விடுவாங்க," என்றாள். அடுத்த வாய் வைத்தாள். பிறகு நிமிராமலே, "அம்மா மாதிரிதான் இருக்கு," என்றாள்.

சித்ரகலாவுக்கு எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை மாதமாக மனசுக்குள் கூட்டிக் கூட்டி வைத்திருந்தாள். அன்று நீ பஸ் ஏறாமல் இருந்திருந்தால், என்று தொடங்கி ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. கிண்ணத்தின் அடியைக் கீதாஞ்சலி விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். பிசைந்து வைத்த சட்டியும் காலி. ஒரு காய் எத்தனை பேருக்கு வரும்?

சித்ரகலா தன் இலையில் தொடாமல் இருந்த கத்தரிக்காயை அப்படியே வழித்தெடுத்துக் கீதாஞ்சலியின் கிண்ணத்தில் வைத்தாள்.

கீதாஞ்சலி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. குண்டானை இழுத்து இன்னும் கொஞ்சம் பழைய சோறு போட்டுக்கொண்டாள்.